இத்தாலிக் குடும்பத்துச் சிவப்பு வைன் திருகோணமலைக்கு வந்து சேர்ந்தால்: தேர்வது, வைப்பது, திறப்பது

உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்து ஹொட்டல்களில் மேசை பார்க்கிற தம்பி தங்கைமாருக்கும், பலேர்மோவிலிருந்து வந்த சித்தப்பா உடுப்புப் பெட்டிக்குள் துவாயில் சுற்றிக் கொண்டுவந்து தந்த போத்தலை அலுமாரிக்கு மேலே வைத்துவிட்டு நல்ல நாள் பார்த்துக்கொண்டிருக்கிற வீட்டுக்காரருக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன். முதல் வேலையாக அந்தப் போத்தலைக் கீழே இறக்குங்கள். கூரைக்குக் கிட்ட இருக்கிற அந்த இடம்தான் வீட்டிலேயே சூடு கூடிய இடம். மிச்சத்தை ஆறுதலாக வாசிக்கலாம்.

பெரிய கம்பனிகளின் வைனைப் பற்றி நான் சொல்ல வரவில்லை. அவை எந்த ஊருக்குப் போனாலும் ஒரே ருசி இருக்கவேண்டும் என்று வடிகட்டி, சரிபார்த்து அடைக்கப்படுபவை. ஒரு குடும்பம் தன் தோட்டத்து முந்திரிகைப் பழத்தைத் தானே பறித்து, தானே நொதிக்கவிட்டு, வீட்டுக் கீழறையிலேயே போத்தலில் அடைக்கிற வைன் வேறு. இத்தாலியில் அண்மையில் இப்படித் தொடங்கிய குடும்பங்கள் பல உண்டு. தாத்தா பழத்தைக் கூட்டுறவுச் சங்கத்துக்கு விற்றுக்கொண்டிருந்திருப்பார், பேத்தி படிப்பை முடித்துவிட்டு வந்து, இனி நாங்களே அடைப்போம் என்று நின்றிருப்பாள். இவர்களில் பலர் கடுமையாக வடிகட்டுவதில்லை, பழுதாகாமல் இருக்கப் போடுகிற சல்பைட்டும் குறைவாகவே போடுவார்கள். ருசிக்கு அது நல்லது, ஆனால் வெக்கையைத் தாங்குகிற சக்தி குறைந்துவிடும். திருகோணமலையில் எங்களுக்குள்ள சிக்கல் முழுவதும் அங்கேதான்.

எதைக் கேட்டு வாங்குவது

வரும்போது என்ன கொண்டுவர என்று இத்தாலியிலிருந்து யாராவது கேட்டால் உடனே வாயில் வருகிற பெயர் பாரோலோ, இல்லாவிட்டால் புருனெல்லோ. பெரிய பெயர்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் இங்கே வைத்துக் குடிப்பதற்கு அவற்றைக் கேட்காதீர்கள், அதே குடும்பம் செய்கிற சின்ன வைனைக் கேளுங்கள்.

ஏன் அப்படியொரு சின்ன வைன் இருக்கிறது என்றால், அதன் காரணம் அந்தக் குடும்பத்தின் கணக்குக் கொப்பியில் இருக்கிறது. புதிதாக நட்ட கொடி மூன்றாம் வருடமளவில்தான் வைனுக்கு உதவுகிற பழம் தரத் தொடங்கும். அப்புறம் சட்டம். பியமோந்தே மாகாணத்தில் நெபியோலோ பழத்தில் செய்கிற பாரோலோவை, பறித்த வருடத்து நவம்பர் 1ஆம் திகதியிலிருந்து 38 மாதம் வைத்திருக்க வேண்டும், அதில் 18 மாதமாவது மரப்பீப்பாயில் கிடக்க வேண்டும். ரிசெர்வா என்று போட்டால் 62 மாதம். தொஸ்கானாவில் சான்ஜொவேசே பழத்தில் மட்டும் செய்கிற புருனெல்லோ டி மொந்தால்ச்சீனோவை, பறித்ததிலிருந்து ஐந்தாம் வருடத்து ஜனவரி 1ஆம் திகதிக்கு முன் விற்க முடியாது, அதாவது 2020இல் பறித்தது 2025இல்தான் கடைக்கு வந்தது. அதுவரைக்கும் வங்கிக் கடனுக்கு வட்டி கட்டுவது யார்? அதனால் இளம் குடும்பங்கள் சீக்கிரமே விற்றுக் காசாக்கக்கூடிய இன்னொரு வைனையும் பக்கத்திலேயே செய்யும். மொந்தால்ச்சீனோவில் அதன் பெயர் ரொஸ்ஸோ டி மொந்தால்ச்சீனோ, அதே சான்ஜொவேசே, பறித்த அடுத்த வருடம் செப்டெம்பர் 1ஆம் திகதியிலிருந்து விற்கலாம். பியமோந்தேயில் டொல்ச்செத்தோ, பார்பெரா, லாங்கே நெபியோலோ. கை அதே கை, தோட்டமும் பலவேளை அதே தோட்டம், விலை நன்றாகக் குறைவு.

விலைக்காக மட்டும் சொல்லவில்லை. பழைய முறை என்று இவர்கள் சொல்வது என்னவென்றால், சாறு தோலோடும் விதையோடும் நொதிக்கும்போது தோல் எல்லாம் மேலே மிதந்து தடிப்பாகக் கட்டிநிற்கும், அதைப் பலகை போட்டு உள்ளே அமிழ்த்தி வாரக்கணக்கில் ஊறவிடுவார்கள், பிறகு ஆயிரக்கணக்கான லீற்றர் கொள்ளுகிற பெரிய ஓக் பீப்பாய்க்கு மாற்றி வருடக்கணக்கில் வைப்பார்கள். 225 லீற்றர் கொள்ளும் சின்னப் புதுப் பீப்பாயில் வைத்தால் மரத்தின் வனிலா மணம் வைனில் ஏறும், பெரிய பீப்பாயில் அவ்வளவு ஏறாது, பழத்தின் மணமும் கயர்ப்பும்தான் முன்னுக்கு நிற்கும். அந்தக் கயர்ப்பை அறிய வைனே தேவையில்லை. தேயிலையைக் கூடப் போட்டுக் கனநேரம் ஊறவிட்ட வெறுந்தேத்தண்ணியை ஒரு மிடறு குடித்துப் பாருங்கள், முரசையும் நாக்கையும் இழுத்துப் பிடிக்கிறதே, அதுதான் டனின். பத்து வருடம் கிடந்து இளகிய பாரோலோ குளிர்நாட்டில் கொழுப்பு இறைச்சியோடு அருமையாக இருக்கும். ஜூன் மாதம் கச்சான் காற்று அடிக்கையில் வேர்த்து விறுவிறுத்து வந்து உட்கார்ந்தவருக்கு அது சரிவராது.

பலேர்மோவில் எங்கள் ஆட்கள் நிறையப் பேர் இருப்பதால் சிசிலி வைன்தான் இந்தப் பக்கம் வருவதற்கு வாய்ப்பு அதிகம். அங்கே கேட்கவேண்டிய பெயர் ஃபிரப்பாத்தோ. நிறம் வெளிறியது, ஸ்ட்ரோபரி மணம், கயர்ப்பு மிகக் குறைவு, சிவப்பு வைன் என்றாலும் குளிர வைத்துக் குடிக்கலாம். அதையும் நேரோ டாவோலா பழத்தையும் கலந்து செய்வது செரசுவோலோ டி வித்தோரியா. 2005இல் சிசிலிக்குக் கிடைத்த முதல் டிஓசிஜி, அதாவது இத்தாலிச் சட்டத்தின் ஆக மேல் தரம், அதுதான். நேரோ டாவோலா தனியாக வந்தால் கொஞ்சம் கனமாக இருக்கும், இரவுச் சாப்பாட்டுக்குப் பரவாயில்லை.

இன்னொன்று லம்புரூஸ்கோ. எமிலியாப் பக்கத்து நுரைக்கிற சிவப்பு வைன். அதை இனிப்புச் சோடா என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு, இனிப்பானதைக் குடித்திருப்பார்கள். லேபலில் செக்கோ என்று இருந்தால் இனிப்பில்லாதது, அமாபிலே என்றால் ஓரளவு இனிப்பு, டொல்ச்சே என்றால் முழு இனிப்பு. செக்கோவை நன்றாகக் குளிரவைத்துக் கொடுத்தால் எங்கள் கடற்கரைச் சாப்பாட்டுக்கு அதைவிடப் பொருத்தமான இத்தாலிச் சிவப்பு வைன் இல்லை என்பேன்.

அமரோனேயை மட்டும் விட்டுவிடுங்கள். வல்போலிசெல்லாவில் பழத்தைப் பறித்து மூன்று நான்கு மாதம் தட்டில் பரப்பி வாடவிட்டுப் பிழிவது அது, குறைந்தது 14 சதவீதம் மதுசாரம், பல போத்தல்களில் 15க்கும் மேலே. அதைக் கடற்கரையில் மத்தியானச் சாப்பாட்டோடு கேட்கிற விருந்தாளியிடம் ராத்திரிக்கு எடுக்கலாமே என்று மெதுவாகச் சொல்லிப் பாருங்கள்.

லேபலை வாசிப்பது

முன்பக்கத்தில் இருப்பது பெயரும் படமும். பின்பக்கத்துச் சின்ன எழுத்தைப் பாருங்கள். அட்ஸியெந்தா அக்ரீகோலா என்று இருந்தால் சொந்தத் தோட்டத்துப் பழத்தில் செய்கிற பண்ணை. இம்பொத்திலியாத்தோ அல்லொரிஜினே என்று இருந்தால் விளைந்த இடத்திலேயே செய்து அடைத்தது. வெறுமனே இம்பொத்திலியாத்தோ டா என்று போட்டு ஒரு கம்பனிப் பெயர் வந்தால், வேறிடத்தில் வாங்கி அடைத்ததாகவும் இருக்கலாம். குடும்பப் படம், பழைய வீட்டுப் படம் எல்லாம் போட்டுவிட்டு இந்த வரியில் மாட்டுப்படுகிற போத்தல்கள் உண்டு.

கழுத்தில் இலக்கத்தோடு ஒரு காகிதப் பட்டி ஒட்டியிருந்தால் அது அரசாங்க முத்திரை. டிஓசிஜி வைனுக்கு அது கட்டாயம். 1963இல் வந்த சட்டத்தில் தொடங்கிய தரவரிசை இது, மேலே டிஓசிஜி, அதன் கீழே டிஓசி, அதற்கும் கீழே ஐஜிடி. ஐஜிடி என்றால் மட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். ஊர்ச் சட்டம் சொல்கிற பழக் கலவை பிடிக்காமல் வேண்டுமென்றே அந்தப் பெயரில் விற்கிற நல்ல குடும்பங்கள் நிறைய.

கியாந்தி கிளாசிக்கோவுக்குக் கழுத்தில் கறுப்புச் சேவல் இருக்கும். புளோரன்ஸுக்கும் சியேனாவுக்கும் இடைப்பட்ட பழைய பகுதி அது, 80 சதவீதமாவது சான்ஜொவேசே. சேவல் இல்லாத வெறும் கியாந்தி பக்கத்து ஊர்களிலிருந்தும் வரும். விருந்தாளி முன்னால் சியாந்தி என்று சொல்லவேண்டாம், கியாந்தி. அதேபோல மொந்தேபுல்ச்சானோ டாப்ருட்ஸோ என்பதில் மொந்தேபுல்ச்சானோ பழத்தின் பெயர், வீனோ நோபிலே டி மொந்தேபுல்ச்சானோ என்பதில் அது ஊரின் பெயர், பழம் சான்ஜொவேசே. இரண்டும் இரண்டு விலை, மெனு அட்டை அடிக்கிறவர்கள் கவனிக்கவேண்டும்.

வெக்கையோடு மல்லுக்கட்டு

இந்த வைன் கிடக்க விரும்புவது 12 முதல் 15 பாகை செல்சியஸில். எங்கள் ஊரில் மே முதல் ஓகஸ்ட் வரை பகலில் 33, 35 சாதாரணம், அதே காலம்தான் எங்களுக்குச் சீசன், இத்தாலியர்கள் தங்கள் ஓகஸ்ட் விடுமுறைக்கு வந்திறங்குவதும் அப்போதுதான்.

கொழும்பிலிருந்து கொண்டுவருவதாக இருந்தால் இரவில் கொண்டுவாருங்கள். வான் டிக்கியில் போட்டுவிட்டு ஹபரணையில் வெயிலில் நிறுத்திச் சாப்பிட்டு வந்தால் இத்தாலியில் மூன்று வருடம் காத்திருந்தது அரை மணித்தியாலத்தில் வெந்துபோகும். டிக்கி வேண்டாம், சீட்டுக்குக் கீழே, ஏசி படுகிற இடத்தில். வந்ததும் உடனே திறக்காமல் இரண்டு நாளாவது ஆறவிடுங்கள்.

வீட்டில் நிலவறை எதுவும் எங்களிடம் இல்லை. இருக்கிறதுக்குள் நல்ல இடம் ஃபிரிட்ஜின் அடியில் உள்ள மரக்கறித் தட்டு. வருடக்கணக்கில் அங்கே வைத்தால் கோர்க் காய்ந்துபோகும் என்பது உண்மைதான், ஆனால் சில மாதத்துக்குள் குடிக்கப்போகிற போத்தலுக்கு 32 பாகை அலுமாரியைவிட 6 பாகை ஃபிரிட்ஜ் எவ்வளவோ மேல். கோர்க் போட்ட போத்தலைப் படுக்கவைத்துத்தான் வைக்கவேண்டும், கோர்க் நனைந்தபடி இருக்க. ஈரத்துணியில் சுற்றிச் சீமெந்துத் தரையில், கட்டிலுக்குக் கீழே இருட்டில் வைப்பதும் ஒரு வாரம் பத்து நாளுக்குத் தாங்கும்.

ஹொட்டலில் இதைவிட மோசமான ஒன்றைப் பார்த்திருக்கிறேன், பெயர் வேண்டாம். பாருக்குப் பின்னால் கண்ணாடித் தட்டில் நல்ல நல்ல போத்தல்களை நிமிர்த்தி வைத்து, ஒவ்வொன்றுக்கும் மேலே ஒரு மஞ்சள் லைற். பகலில் ஏசி, கடை மூடியதும் ஏசி நிற்கும், விடிய மறுபடி ஏசி. இப்படிச் சூடு ஏறி இறங்கும்போது உள்ளேயுள்ள வைன் விரிந்து சுருங்கிக் கோர்க்கை மெல்ல மெல்லத் தள்ளும், திரும்பும்போது காற்றை உள்ளே இழுக்கும். சீசன் முடிவில் திறந்தால் எதுவும் சரியில்லை, ஏச்சு வாங்கியது பரிமாறிய பொடியன். நிலையான 20 பாகை, ஏறி இறங்குகிற 16ஐ விட நல்லது என்று முகாமையாளரிடம் சொல்லுங்கள். லைற்றுக்குக் கீழே வைக்க வெறும் போத்தல் போதும்.

போத்தல் வெந்துவிட்டதா என்று திறக்காமலே ஓரளவு பார்க்கலாம். கழுத்திலுள்ள தகட்டு உறையை இரண்டு விரலால் பிடித்துத் திருகுங்கள், பல போத்தல்களில் அது இலேசாகச் சுழலும். ஒட்டிக்கொண்டு அசைய மறுத்தால் உள்ளே வைன் கசிந்து காய்ந்திருக்கலாம். உறையின் உச்சி மேடாகத் தள்ளியிருந்தால், விரல் நுனியால் தடவும்போதே தெரியும், கோர்க் வெளியே வந்திருக்கிறது. கழுத்தில் வைன் மட்டம் தோளுக்கு இறங்கியிருந்தாலும் சந்தேகப்படுங்கள். திறந்தபின், ஊற்றியது கபிலம் அடித்து, காய்ச்சிய பழப்பாகு மணத்தோடு உயிரில்லாமல் இருந்தால் வெந்ததுதான். ஈரக் கடதாசிப் பெட்டி மணம் அடித்தால் அது வெக்கையால் வந்ததல்ல, கோர்க்கில் வந்த பழுது, யார் மேலும் குற்றமில்லை, மாற்றிக் கொடுக்கவேண்டும்.

குளிரவைத்துத் திறப்பது

சிவப்பு வைனை அறை வெப்பத்தில் கொடுக்கவேண்டும் என்று பயிற்சி வகுப்பில் சொல்லியிருப்பார்கள். அந்த அறை ஐரோப்பாவில் கல்வீட்டு அறை, உப்புவெளி அறை அல்ல. ஃபிரப்பாத்தோ, டொல்ச்செத்தோ, பார்பெரா 14 முதல் 16 பாகை, ரொஸ்ஸோ, கியாந்தி கிளாசிக்கோ 16 முதல் 18, லம்புரூஸ்கோ 10 முதல் 12. எதுவானாலும் ஒன்றிரண்டு பாகை குறைத்தே மேசைக்குக் கொண்டுபோங்கள், கிளாசில் ஊற்றிப் பத்து நிமிடத்தில் அது தானாக ஏறிவிடும்.

வெளியே இருந்த போத்தலானால் வாளியில் ஐஸும் தண்ணியும் பாதிக்குப் பாதி போட்டுக் கழுத்துவரை அமிழ்த்தி, பத்துப் பன்னிரண்டு நிமிடம். வெறும் ஐஸ் போட்டால் போத்தலில் அங்கங்கேதான் படும், தண்ணி கட்டாயம் வேண்டும். மேசைக்கு வந்தபின் கொஞ்சம் குளிர்ந்த தண்ணி வாளியில் நிற்கட்டும், சிவப்பு வைனுக்கு வாளியா என்று யாராவது புருவம் தூக்கினால் ஒரு கிளாஸ் ஊற்றிக் கொடுங்கள், கேள்வி நின்றுவிடும். குசினியில் இறைச்சிக்குக் குத்திப் பார்க்கிற வெப்பமானி இருந்தால் கழுவிவிட்டுச் சாம்பிளில் ஒருதரம் பாருங்கள், பிறகு கை தொட்டாலே கணக்குத் தெரியும்.

குடும்ப வைனில் அடியில் மண்டி இருப்பது சாதாரணம், வடிகட்டாததால் வருவது, பழுதல்ல. படுத்துக் கிடந்த போத்தலை முதல் நாளே நிமிர்த்தி வையுங்கள். உறையைக் கழுத்தின் கீழ் வளையத்துக்குக் கீழே வெட்டி எடுத்து, வாயைத் துணியால் துடைத்து, திருகின் முனையை நடுவிலிருந்து ஒரு மயிரிழை விலத்திக் குத்தி நேராக இறக்குங்கள். ஒரு சுற்று மேலே தெரியும்வரை போதும், முழுதும் இறக்கினால் கோர்க்கைத் துளைத்துத் தூள் உள்ளே விழும். திருகியின் நெம்புகோலைப் போத்தல் வாயில் ஊன்றி, அதன் முதல் படியில் பாதி, இரண்டாம் படியில் மீதி என்று தூக்கி, கடைசித் துண்டைக் கையால் மெல்ல அசைத்து எடுங்கள். சத்தம் வராமல் எடுப்பதுதான் நேர்த்தி. கோர்க்கை ஒருதரம் மணந்து பார்த்து, வாங்கியவருக்கு முதலில் ஒரு மிடறு, அவர் தலையாட்டியபின் மற்றவர்களுக்கு, கடைசியில் அவருக்கு. கிளாசில் மூன்றில் ஒன்று. இங்கே வைன் சீக்கிரம் சூடேறுவதால் அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுவதுதான் சரி. மண்டி கழுத்துக்கு வந்ததும் நிறுத்திவிடுங்கள்.

எங்கள் சாப்பாட்டோடு

உறைப்பும் டனினும் சேரவே சேராது. மிளகாய் எரிவை டனினும் மதுசாரமும் சேர்ந்து இன்னும் கூட்டும். மீன் கொழுப்போடு வைனிலுள்ள இரும்பு சேர்ந்தால் வாயில் தகர ருசி வரும், சூடை, கீரிமீன், சூரைக்கு எந்தக் கனத்த சிவப்பு வைனும் வேண்டாம்.

கணவாய்ப் பொரியல், டெவில் இறால் என்றால் குளிர்ந்த லம்புரூஸ்கோ, அதன் நுரை எண்ணெயை வெட்டும். சுட்ட பாரைமீனுக்கு ஃபிரப்பாத்தோ. புளிப்பு முன்னுக்கு நிற்கிற கறிக்கு, தக்காளி கூடப் போட்ட எதற்கும், பார்பெரா, அதற்கே புளிப்பு அதிகம், டனின் குறைவு. உறைப்பைக் குறைத்து மிளகு கூட்டிப் பிரட்டிய ஆட்டிறைச்சிக்கு ரொஸ்ஸோ டி மொந்தால்ச்சீனோ, அல்லது மொந்தேபுல்ச்சானோ டாப்ருட்ஸோ. முருங்கையிலை போட்ட நண்டுக் கறிக்கு என்ன கொடுப்பது என்று பலர் கேட்கிறார்கள். வெள்ளை வைன் கொடுங்கள், இல்லாவிட்டால் தண்ணி. சொதிக்கும் அதே பதில்தான்.

மிஞ்சினால்

கோர்க்கைத் திருப்பிப் போட்டு அடைத்து ஃபிரிட்ஜில் நிமிர்த்தி வையுங்கள், இரண்டு மூன்று நாள் நிற்கும். லம்புரூஸ்கோ அன்றைக்கே முடியவேண்டியது. மூன்று நாள் தாண்டியதைக் குசினிக்குக் கொடுத்தால் மாட்டிறைச்சி ஊறவைக்க உதவும்.

போயா நாளில் விற்பனை இல்லை, 21 வயதுக்குக் குறைந்தவருக்கு எந்த நாளிலும் இல்லை. விருந்தாளி தன் போத்தலைக் கொண்டுவந்து திறந்து தரச் சொன்னால் முதலில் முகாமையாளரைக் கேளுங்கள், நீங்களாக முடிவெடுக்கவேண்டாம். யாழ்ப்பாணத்து முந்திரிகை வாங்கி வீட்டிலேயே போட்டுப் பார்க்கலாமா என்று இதை வாசித்துவிட்டு யாருக்காவது ஆசை வந்தால், அனுமதிப்பத்திரம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம், மதுவரித் திணைக்களத்திடம்தான் கேட்கவேண்டும்.